18 நாள் உங்களிடம் இருந்த உறை

எங்கள் கவுண்டியின் தேர்தல் வாரிய உறுப்பினர்கள் மூவருக்கும்,

சென்ற வாரக் கூட்டத்தில் எனக்கு 3 நிமிடம் கொடுத்தீர்கள். அம்மாவின் உறை உங்கள் அலுவலகத்துக்கு வந்து சேர்ந்த தேதியைச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே மணி அடித்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன். அடுத்த கால் மணி நேரத்தில் 2-க்கு 1 என்று முடிவெடுத்தீர்கள்: அஞ்சல் வாக்கின் உறையில் பிழை இருந்தால் அதை வாக்காளருக்குச் சொல்ல வேண்டியதில்லை, பழைய முறையே தொடரும். அன்று சொல்ல முடியாமல் போன மீதிதான் இந்த மடல். ஆங்கிலப் படி உங்கள் மூவருக்கும் வந்து சேர்ந்திருக்கும். தமிழில் எழுதுவதற்குக் காரணம், அம்மா இதைப் படித்துப் பார்க்காமல் அனுப்பக் கூடாது என்று சொல்லிவிட்டார். பென்சில்வேனியாவில் வயதான அப்பா அம்மாவோடு இருக்கும் மற்ற தமிழ்க் குடும்பங்களும் இதைப் படித்துவிட்டுத் தங்கள் வீட்டு உறைகளை ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொள்ளட்டும்.

அம்மாவுக்கு வயது 74. திருநெல்வேலி மாவட்டத்தில் அரசுப் பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் ஊரில் வாத்தியார் வேலை என்றால் தேர்தல் வேலையும் அதோடு ஒட்டிக்கொண்டே வரும். முதல் நாளே பெட்டியும் சாக்குப் பையுமாக ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்துக்குப் போய், அங்கேயே பெஞ்சில் படுத்து எழுந்து, விடிந்ததும் கட்சி முகவர்கள் முன்னால் வெறும் பெட்டியைத் திறந்து காட்டி, அரக்கு முத்திரை வைத்து, ராத்திரி கணக்கெழுதி ஒப்படைத்துவிட்டு வீடு திரும்ப வேண்டும். விரலில் மை வைப்பதில் தொடங்கி சாவடித் தலைமை அலுவலர் வரை அம்மா எல்லாம் பார்த்தவர். கூட்டத்தில் உங்களில் ஒருவர், படிவத்தைச் சரியாகப் படிக்காதவர்களுக்காக அலுவலகம் நேரம் செலவழிக்க முடியாது என்றார். படிவத்தைப் பற்றி அம்மாவுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

2024 மார்ச்சில் அவருக்கு அமெரிக்கக் குடியுரிமை கிடைத்தது. 100 கேள்விகளையும் பள்ளிப் பிள்ளை மாதிரி நோட்டில் எழுதி எழுதிப் படித்தார். அதில் ஒன்று: குடிமக்களுக்கு மட்டுமே உள்ள ஒரு பொறுப்பு என்ன? ஜூரியில் உட்காருவது, அல்லது மத்தியத் தேர்தலில் வாக்களிப்பது. அம்மா இரண்டாவதைப் பிடித்துக்கொண்டார். எந்தக் கட்சியிலும் சேராமல்தான் பதிவு செய்தார். இங்கே கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் முதல்நிலைத் தேர்தலில் கட்சிக்காரர்களுக்கு மட்டுமே இடம் உண்டு. ஆகவே நவம்பர் 5தான் அவருடைய முதல் அமெரிக்க வாக்கு.

அக்டோபர் தொடக்கத்தில் முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை. ஓட்டு நாளன்று நடக்க முடியுமோ முடியாதோ என்று அஞ்சல் வாக்குக்கு விண்ணப்பித்தோம். அக்டோபர் 11 சரஸ்வதி பூஜை அன்று அந்த உறையும் ஒரு கறுப்புப் பேனாவும் கொலுப்படியில் புத்தகங்களோடு இருந்தன. மறுநாள் விஜயதசமி. குளித்துவிட்டு வந்து, நடைவண்டியைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, என்னை அறையை விட்டு வெளியே போகச் சொல்லிவிட்டு வாக்களித்தார். யாருக்கு என்று இன்று வரை எனக்குத் தெரியாது. கேட்டால், சாவடிக்குள் முகவர் எட்டிப் பார்க்கக் கூடாது என்பார். இதை இங்கே எழுதுவதற்கும் காரணம் உண்டு. எந்தக் கட்சிக்காக இந்தப் பெண் வக்காலத்து வாங்குகிறாள் என்ற யோசனை உங்கள் முகத்தில் அன்று தெரிந்தது. எனக்கே தெரியாத ஒன்றுக்கு நான் எப்படி வக்காலத்து வாங்க முடியும்?

சீட்டை ரகசிய உறைக்குள் போட்டு ஒட்டினார். அதை வெளி உறைக்குள் போட்டு ஒட்டினார். உறுதிமொழிக்குக் கீழே கையெழுத்திட்டார். பக்கத்தில் அன்றைய தேதி எழுதவேண்டிய கட்டங்கள். ஆண்டு அச்சிட்டே இருந்தது. 2024 கோடையில்தான் மாநிலம் அப்படி அச்சிடச் சொன்னது, ஏப்ரல் தேர்தலில் பலர் ஆண்டின் கடைசி இரண்டு எண்களை விட்டுவிட்டதால். மாதத்துக்கு 2 கட்டம், நாளுக்கு 2 கட்டம் மட்டும் மிச்சம். அம்மா பணிக்காலம் முழுவதும் வருகைப் பதிவேட்டில் எழுதிய வரிசையில் எழுதினார். முதலில் நாள், அப்புறம் மாதம். 12, 10.

அதை நீங்கள் டிசம்பர் 10 என்று படித்தீர்கள்.

15ஆம் தேதி தபாலில் போட்டோம். 18ஆம் தேதி உங்கள் அலுவலகத்தில் உறையை ஸ்கேன் செய்து, வாக்கு பெறப்பட்டது என்று மின்னஞ்சலும் வந்தது. அம்மா அதை என் அண்ணனுக்கு, சித்திக்கு, பழைய தலைமை ஆசிரியைக்கு என்று எல்லோருக்கும் அனுப்பினார். இப்போது நீங்களே சொல்லுங்கள். அக்டோபர் 18ஆம் தேதி கையில் வாங்கிய உறையின் மேல் டிசம்பர் 10 என்று இருந்தால் வாங்கியவர் என்ன நினைத்திருக்க வேண்டும்? இன்னும் பிறக்காத ஒரு நாளிலிருந்து ஒரு பாட்டி ஓட்டுப் போட்டிருக்கிறார் என்றா? அந்த உறை தேர்தல் நாள் வரை 18 நாள் உங்கள் அலமாரியில் இருந்தது. யாரும் தொலைபேசியை எடுக்கவில்லை. விண்ணப்பத்தில் எண் இருந்தது, மின்னஞ்சல் முகவரி இருந்தது.

நாங்கள் அறிந்தது ஜனவரியில். இந்த ஆண்டுக்கான அஞ்சல் வாக்கு விண்ணப்பத்தைப் பற்றிக் கேட்க உங்கள் கவுண்டருக்கு வந்தேன். திரையைப் பார்த்த பெண்மணி, போன தடவை இது எண்ணப்படவில்லையே என்று சாதாரணமாகச் சொன்னார். அவர் மேல் எனக்கு வருத்தம் இல்லை; உண்மையைச் சொன்ன ஒரே ஆள் அவர்தான். வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொல்ல 2 நாள் ஆயிற்று. சொன்னதும் கோபப்படுவார் என்று நினைத்தேன். என் கையெழுத்தா பிரச்சினை என்று மட்டும் கேட்டார். தேதி என்றேன். ஒரு தாளை எடுத்து 12, 10 என்று எழுதிப் பார்த்துவிட்டு மடித்து வைத்துவிட்டார்.

நான் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். வந்த குப்பியின் சீட்டில் தேதி இடித்தால் அனுப்பிய இடத்தைக் கூப்பிட்டுக் கேட்போம். கேட்காமல் குப்பியைத் தூக்கி எறிந்துவிட்டு, பெறப்பட்டது என்று மட்டும் பதிவு செய்தால் அன்றே எனக்கு வேலை போய்விடும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த இலையுதிர்காலம் முழுவதும் அம்மாவின் ஓட்டைத் தேடி வராத ஆள் இல்லை. ஊசலாடும் மாநிலத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே கிடைக்கிற ராஜ மரியாதை அது. நியூயார்க்கில் இருக்கும் என் தோழி வீட்டுக் கதவை யாரும் தட்டவில்லை. அங்கே முடிவு முன்பே தெரியும். எங்கள் வீட்டில் தினமும் தபால் பெட்டி நிறைய வண்ண அட்டைகள். குறுஞ்செய்திகள் கணக்கில்லை. கதவைத் தட்டியவர்கள் செப்டம்பரிலிருந்து 6 முறை, இரண்டு தரப்பிலிருந்தும். அம்மா எல்லோருக்கும் காபி கொடுத்தார். ஒரு பையன் ஓஹையோவிலிருந்து பஸ்ஸில் வந்திருந்தான். அதிபரைத் தேர்ந்தெடுக்கும் 19 தேர்வாளர் வாக்குகள் உள்ள மாநிலம், ஒவ்வொரு ஓட்டும் முக்கியம் பாட்டி என்று அவன் மனப்பாடமாகச் சொன்னதை அம்மா இன்னும் சொல்லிக்காட்டுகிறார். ஓட்டுப் போடச் சொல்ல அத்தனை பேர். போட்ட ஓட்டு செல்லாது என்று சொல்ல ஒருவரும் இல்லை. அந்தப் பையன்களுக்கு அது தெரியாது. உங்களுக்குத் தெரியும்.

கூட்டத்தில் நீங்கள் சொன்ன காரணங்களில் என்னை உறங்க விடாதது ஒன்றுதான். இந்த மாதிரி உறைகள் சில நூறு இருக்கும், முடிவை மாற்றாது என்றீர்கள். எந்த மாநிலத்தில் உட்கார்ந்துகொண்டு இதைச் சொல்கிறீர்கள்?

அதிபர் தேர்தலில் 1992 முதல் 2012 வரை ஜனநாயகக் கட்சிக்கே வாக்களித்த பென்சில்வேனியா, 2016இல் 44,292 வாக்கில் டிரம்ப் பக்கம் சாய்ந்தது. 2020இல் 80,555 வாக்கில் பைடன் பக்கம் திரும்பியது. 2024இல் மறுபடியும் டிரம்ப், சுமார் 1,20,000 வாக்கில். ஏறக்குறைய 70 லட்சம் பேர் வாக்களிக்கிற இடத்தில் இதெல்லாம் ஒரு கைப்பிடி. ஈரி கவுண்டியும் நார்த்தாம்ப்டன் கவுண்டியும் இந்த மூன்று முறையும் மாநிலத்தோடு சேர்ந்தே மாறி மாறி விழுந்தன. பக்ஸ் கவுண்டியில் சென்ற முறை இரண்டு பேருக்கும் இடையே 300 ஓட்டுகூட வித்தியாசம் இல்லை.

இங்குள்ளவர்கள் கட்சி பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டு போடுகிறவர்களும் இல்லை. 2022இல் ஒரே சீட்டில் ஆளுநருக்கு ஷபீரோவை ஏறக்குறைய 15 சதவீத வித்தியாசத்திலும், செனட்டுக்கு ஃபெட்டர்மனை 5 சதவீத வித்தியாசத்திலும் ஜெயிக்க வைத்தார்கள்; இருவரும் ஒரே ஜனநாயகக் கட்சி. 2024இல் அதிபர் தேர்தலில் 1,20,000 வித்தியாசம். அதே சீட்டில் செனட்டுக்கு, ஜெயித்த குடியரசுக் கட்சியின் மெக்கார்மிக்குக்கும் ஜனநாயகக் கட்சியின் கேசிக்கும் நடுவே சுமார் 15,000தான். எங்கள் எதிர்வீட்டுக்காரர் 2016இல் டிரம்ப், 2020இல் பைடன், 2024இல் திரும்பவும் டிரம்ப் என்று போட்டதைத் தானாகவே சொன்னார், புல் வெட்டிக்கொண்டே. கொள்கையெல்லாம் இல்லை, மளிகைக் கடை பில் என்றார். இப்படி ஆளாளுக்கு யோசித்துப் போடுகிற ஊரில், சில நூறு உறைகள் எந்தப் பக்கம் விழும் என்று உங்களுக்கு முன்கூட்டியே எப்படித் தெரிந்தது?

உங்கள் பக்கத்து உதாரணமே இருக்கிறது. 2021 நவம்பரில் லீஹை கவுண்டியில் நீதிபதி பதவிக்கான தேர்தல். டேவிட் ரிட்டர் 71 ஓட்டு முன்னால் இருந்தார். தேதி எழுதாததால் 257 உறைகள் ஓரமாகக் கிடந்தன. 5 வாக்காளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2022 மே மாதம் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் எண்ணச் சொன்னது. எண்ணினார்கள். ஸாக் கோஹன் 5 ஓட்டில் ஜெயித்தார். அந்தத் தீர்ப்பைப் பிற்பாடு அமெரிக்க உச்ச நீதிமன்றம் நீக்கிவிட்டது, அது வேறு கதை. சில நூறு உறை என்ன செய்யும் என்பதற்கு இதற்கு மேல் நான் சாட்சி தேட வேண்டியதில்லை. உங்கள் வாரியம் நடத்தும் பள்ளி வாரியத் தேர்தலும் டவுன்ஷிப் தேர்தலும் இதைவிடச் சின்ன வித்தியாசத்தில் முடிகிறவை.

அம்மாவுக்கு இது புதிதும் இல்லை. 2016இல் எங்கள் பக்கத்து ராதாபுரம் தொகுதியில் இன்பதுரை 49 ஓட்டில் ஜெயித்தார், அப்பாவு தோற்றார். தபால் ஓட்டுகளில் 203 தள்ளுபடி. காரணம், உறுதிமொழிப் படிவத்தில் சான்றொப்பம் இட்டவர் பள்ளித் தலைமை ஆசிரியர். அவர் இடலாமா கூடாதா என்பது வழக்கு. 2019 அக்டோபரில் சென்னை உயர் நீதிமன்றம் மறுபடி எண்ணச் சொன்னது, முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்தப் பதவிக்காலமும் ஓடிப்போனது. பணிக்காலத்தில் தானும் தபால் ஓட்டுப் போட்டவர் அம்மா. ராதாபுரம் செய்தியை அப்போது தினமும் வெட்டி வைத்தவர். கடல் தாண்டி வந்தும் அதே கதைக்குள் தானே விழுவார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

சரி, சட்டம் என்று சொன்னதற்கு வருகிறேன். தேர்தல் நாள் காலை 7 மணிக்கு முன் உறையைத் திறக்கக் கூடாது, அதனால் எங்கள் கை கட்டப்பட்டிருக்கிறது என்றீர்கள். தேதி உறைக்கு வெளியே இருக்கிறது. அதைப் பார்க்க எதையும் திறக்க வேண்டாம். பார்த்துத்தானே ஒதுக்கி வைத்தீர்கள்? இந்த மாநிலத்தின் 67 கவுண்டிகளில் ஒவ்வொன்றும் தன் இஷ்டத்துக்கு ஒரு முறை வைத்திருக்கிறது. சில இடங்களில் வாக்காளரைக் கூப்பிட்டு, வந்து சரி செய்துவிட்டுப் போங்கள் என்கிறார்கள். அம்மா 8 மைல் தள்ளிக் குடியிருந்திருந்தால் அவருடைய ஓட்டு எண்ணப்பட்டிருக்கும். அவ்வளவுதான் வித்தியாசம்.

2024 செப்டம்பரில் இந்த மாநிலத்தின் காமன்வெல்த் நீதிமன்றம் வாஷிங்டன் கவுண்டி விஷயத்தில், பிழையுள்ள உறை அனுப்பியவர்களுக்குத் தெரிவித்தே ஆக வேண்டும் என்றது. அந்தக் கவுண்டியும் உங்களைப் போலத்தான் வாய் திறக்காமல் இருந்தது. அது எங்களைப் பற்றிய வழக்கு இல்லை என்று உங்கள் வழக்கறிஞர் சொன்னார். உண்மைதான். அக்டோபர் 23இல் மாநில உச்ச நீதிமன்றம் பட்லர் கவுண்டி வழக்கில் 4-க்கு 3 என்று தீர்ப்புச் சொன்னது: அஞ்சல் வாக்கு செல்லாமல் போனவர் சாவடிக்கு வந்து ப்ரொவிஷனல் சீட்டில், அதாவது தகுதியைச் சரிபார்த்த பிறகு எண்ணப்படும் தற்காலிகச் சீட்டில், வாக்களித்தால் அதை எண்ண வேண்டும். அந்த வழக்கு ரகசிய உறை இல்லாததைப் பற்றியது. தேதிப் பிழை உள்ளவர்களுக்கும் அதே கதவு திறந்தே இருந்தது. அம்மாவின் உறை அப்போது 5 நாளாக உங்களிடம் இருந்தது. தேர்தலுக்கு இன்னும் 13 நாள். எங்கள் சாவடி தெருமுனைத் தீயணைப்பு நிலையத்தில். நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு ஊர்ந்தாவது போயிருப்பார். நான் சொல்வதை நம்பாவிட்டால் வந்து பாருங்கள், இன்று அவர் அந்த வழியே தினமும் நடைப்பயிற்சி போகிறார்.

இந்தத் தேதி எதற்கு என்பதையும் யாரும் எனக்குச் சொல்லவில்லை. உறை உரிய காலத்தில் வந்ததா என்பதை உங்கள் ஸ்கேனர் பதிகிறது. தேர்தல் நாள் இரவு 8 மணிக்குப் பிறகு வந்தால் தேதி எப்படி இருந்தாலும் செல்லாது. 2022இல் நேரத்துக்கு வந்தும் தேதிக் குற்றத்துக்காக எண்ணப்படாமல் போனவை மாநிலம் முழுவதும் 10,000-க்கு மேல். 2025 மார்ச் 31இல் ஈரியில் ஒரு மத்திய நீதிபதி, இதற்காக ஓட்டைத் தள்ளுவது அரசியல் சட்டத்துக்கு முரண் என்று தீர்ப்பளித்தார். மேல்முறையீடு போயிருக்கிறது, அது முடியட்டும் என்கிறீர்கள். முடியட்டும். 2024 நவம்பரில் சில கவுண்டிகள் தேதியில்லாத உறைகளை எண்ணப் போய், 18ஆம் தேதி மாநில உச்ச நீதிமன்றத்திடம் குட்டு வாங்கியதும் எனக்குத் தெரியும். சட்டத்தை மீறி எண்ணுங்கள் என்று நான் கேட்கவில்லை. தேதி வேண்டும் என்று கடைசியில் தீர்ப்பு வந்தாலும் வாக்காளரைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்வதை எந்த நீதிமன்றமும் தடுக்கவில்லை.

இன்னொன்று. 2020இல் தபாலில் வாக்களித்தவர்கள் பெரும்பாலும் ஒரு கட்சிக்காரர்கள். மற்றவர்களுக்கு அதன் மேல் நம்பிக்கை வேண்டாம் என்று அவர்கள் தலைவரே சொன்னார். அதனால் இந்த உறைகள் விஷயத்தில் இரண்டு கட்சிகளும் தங்கள் லாபத்தைக் கணக்குப் போட்டுத்தான் பேசின. 2024இல் அந்தத் தரப்பும் தபாலில் போடுங்கள் என்று வீடு வீடாகச் சொன்னது. ஆகவே உங்கள் அலமாரியில் இப்போது யாருடைய ஓட்டு கிடக்கிறது என்பது 2-க்கு 1 என்று வாக்களித்த உங்களுக்கும் தெரியாது.

2025 நவம்பர் 4 தேர்தலில் மாநில உச்ச நீதிமன்றத்தின் 3 நீதிபதிகள் பதவியில் நீடிப்பதா என்று மக்கள் சொல்லப்போகிறார்கள். அதற்கு முன் செய்யவேண்டியவை இவை. சென்ற வார முடிவை அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் மறுபடி வையுங்கள். வெளி உறையில் கையெழுத்தோ தேதியோ குறையுள்ளதாக ஒதுக்கினால், 2 வேலை நாளுக்குள் அந்த வாக்காளருக்குத் தொலைபேசியிலோ மின்னஞ்சலிலோ, இரண்டும் இல்லாவிட்டால் கடிதத்திலோ தெரிவியுங்கள். கணினியில் பெறப்பட்டது என்று மட்டும் பதியாமல், ஒதுக்கப்பட்டது, காரணம் இது, சாவடிக்கு வந்து ப்ரொவிஷனல் வாக்கு அளிக்கலாம் என்று பதியுங்கள். அலுவலகத்துக்கே வந்து திருத்த விரும்புகிறவர்களுக்குத் தேர்தல் நாள் இரவு 8 மணி வரை அதை அனுமதியுங்கள். மற்ற கவுண்டிகள் செய்வதுதான். உறையோடு வரும் குறிப்புத் தாளில் ஒரு மாதிரித் தேதியை அச்சிடுங்கள், மாதத்தின் பெயரோடு. உலகத்தில் பாதிப் பேர் நாள், மாதம் என்ற வரிசையில் எழுதுகிறவர்கள், அவர்களில் பலர் உங்கள் கவுண்டியில் வரி கட்டுகிறார்கள். 2024 நவம்பரில் எத்தனை உறைகளை எந்தெந்தக் காரணத்துக்காக ஒதுக்கினீர்கள் என்ற கணக்கையும் வெளியிடுங்கள்.

கடைசியாக, அந்த உறைகளை அனுப்பிய ஒவ்வொருவருக்கும் ஒரு கடிதம் எழுதுங்கள். இப்போதாவது. அம்மாவுக்கு வரும் கடிதம் என் பெயருக்கு வேண்டாம், அவர் பெயருக்கே வரட்டும். தேதியை நீங்கள் எந்த வரிசையில் எழுதினாலும் அவர் புரிந்துகொள்வார்.

இப்படிக்கு,
உங்கள் கவுண்டியின் வாக்காளர் ஒருத்தி
ஏப்ரல் 2025